கொடி வங்கியில், பிளற் கடற்கரையில்

"ஐயா, நாங்கள் புதுக்குடியிருப்பில் இருக்கிறோம். இவர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர், நான் வீட்டில் தையல். இரண்டு பேருக்குமாக மாதம் 1,35,000 ரூபாய் அளவில் வரும். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பார்த்த அடுக்குமாடி பிளற் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறார். விலை மூன்றரைக் கோடி. அடுத்த வருடம் கட்டி முடியுமாம், வாடகை மாதம் 1,20,000 நிச்சயமாம். நாங்கள் 25 இலட்சம் போட்டால் எங்களுக்கும் ஒரு பங்கு. இவர் ஜகார்த்தா தாழ்கிறது, கொழும்பையும் கடல் எடுத்துவிடும், அதைவிட முல்லைத்தீவில் கடற்கரைக் காணி வாங்கலாம் என்கிறார். என் நகை 12 பவுண் மூன்று அடகுச் சீட்டில் 19 இலட்சத்துக்கு அடகில் இருக்கிறது. பவுண் விலை ஏறியிருப்பதால் அதே நகையை இன்னும் கூடிய தொகைக்கு உயர்த்தி வைக்கலாம். மிச்சத்துக்கு இவர் சம்பளத்தில் கடன் எடுத்தால் மாதம் 40,000 கட்டுவோம். மகளின் படிப்புக்கு இவர் பெயரில் 9 இலட்சம் நிலையான வைப்பில் இருக்கிறது, அதைத் தொட விருப்பமில்லை. கடல் உண்மையிலேயே ஏறுமா? எதை வாங்குவது?"

தங்கச்சி, கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கேட்டிருப்பது கடலைப் பற்றி. ஆனால் நான் நின்றது, போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு சொல்லில்: "உயர்த்தி வைக்கலாம்." நான் வவுனியாவில் ஒரு வங்கியின் அடகுப் பகுதியில் பல வருடம் இருந்தவன். அந்த இரண்டு சொல்லால் வெறுங்கழுத்தோடு போன பெண்களை எனக்குத் தெரியும். அதனால் நீங்கள் அனுப்பிய சீட்டுப் பிரதிகளை விரித்து வைத்து முதலில் அந்தக் கணக்கைத்தான் பார்த்தேன்.

2021 இல் 6 இலட்சம். அது முழுதாகக் கைக்கு வந்தது, இவரின் தம்பியின் கடைக்குப் போனது. 2022 இல் அதே நகையை 9½ இலட்சத்துக்கு உயர்த்தினீர்கள். பழைய வட்டி 60,000 ஐக் கழித்துக் கைக்கு வந்தது 2 இலட்சத்து 90 ஆயிரம். அது மருமகனை வெளிநாடு அனுப்ப. 2024 இல் 14 இலட்சம். இரண்டு வருட வட்டி ஏறத்தாழ 3 இலட்சத்து 40 ஆயிரத்தை வங்கி எடுத்துக்கொள்ள, 4½ இலட்சம் கூட எடுத்தும் கையில் மிஞ்சியது வெறும் 1 இலட்சத்து 10 ஆயிரம். 2025 இல் 19 இலட்சம். வட்டி 2 இலட்சத்து சொச்சம் போக, வந்த 3 இலட்சம் மச்சாளின் கல்யாணத்துக்கு.

எல்லாவற்றையும் கூட்டினால் கைக்கு வந்தது 13 இலட்சம். கடன் 19 இலட்சம். இடையில் நிற்கும் 6 இலட்சமும் வட்டி. அந்த வட்டியில் ஒரு சதத்தையும் நீங்கள் பணப்பையிலிருந்து எடுத்துக் கட்டவில்லை, நகையே நகையின் வட்டியைக் கட்டியிருக்கிறது. அதனால்தான் நான்கு வருடமாக வலிக்கவில்லை. நூற்றுக்கு 14 படி இப்போது மாதத்துக்கு 22,000 ரூபாய் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது.

பவுண் ஏறிக்கொண்டுதானே இருக்கிறது என்பீர்கள். 2013 சித்திரையில் உலகச் சந்தையில் தங்கம் சடாரென்று சரிந்தது. அந்த வருடம் இலங்கை வங்கிகளுக்கு அடகில் பெரிய நட்டம். உச்ச விலையில் உயர்த்தி வைத்த பலருக்கு, நகையின் பெறுமதியைவிடக் கடன் கூடிப்போனது. மீட்க வழியில்லாமல் ஏலத்துக்கு விட்டார்கள். மேசைக்கு மறுபக்கத்தில் இருந்து அதைப் பார்த்தவன் நான். இன்றைக்கும் மறக்கவில்லை.

சரி, கடலுக்கு வருவோம். இவரின் பயம் வீண் பயம் இல்லை. 1900களின் தொடக்கத்திலிருந்து உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் ஏறியிருக்கிறது. இப்போது வருடத்துக்கு 4 மில்லிமீற்றருக்கு மேல் ஏறுகிறது, வேகமும் கூடுகிறது. இந்த நூற்றாண்டு முடியும்போது அரை மீற்றர், புகையைக் கட்டுப்படுத்தாவிட்டால் ஒரு மீற்றர் வரைக்கும் என்பது ஐநாவின் காலநிலைக் குழு 2021 இல் சொன்ன கணக்கு.

ஆனால் ஜகார்த்தாவின் கதை வேறு. அங்கே கடல் ஏறுவதைவிடப் பல மடங்கு வேகமாக நிலம் இறங்குகிறது. வடக்கு ஜகார்த்தாவில் மோசமான இடங்கள் வருடத்துக்கு 10 சென்ரிமீற்றருக்கு மேலேயே தாழ்ந்திருக்கின்றன. கடல் இருபத்தைந்து வருடத்தில் ஏறுகிற உயரத்தை அந்த நிலம் ஒரே வருடத்தில் இறங்கியது. குழாய்த் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் போகாததால் வீடு, தொழிற்சாலை, ஹோட்டல் என்று ஆளுக்கொரு ஆழக்கிணறு இறக்கி நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த களிமண் படை நசிந்து இறுகியது. கட்டடப் பாரமும் சேர்ந்தது. 2019 இல் இந்தோனேசிய அரசு தலைநகரையே போர்னியோத் தீவுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. டோக்கியோவும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. அதன் கிழக்குப் பக்கத்துத் தாழ்நிலம் 4 மீற்றருக்கு மேல் இறங்கியது. பிறகு சட்டம் போட்டு நிலத்தடி நீர் எடுப்பதை இறுக்கினார்கள், 1970களில் தாழ்வது பெரும்பாலும் நின்றது. நின்றதே தவிர, இறங்கின நிலம் மேலே வரவில்லை. இன்றைக்கும் அங்கே சனங்கள் கடல்மட்டத்துக்குக் கீழே, அணைக்கட்டுக்குள் இருக்கிறார்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் கடல் எவ்வளவு ஏறும் என்று வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் காலுக்குக் கீழே நிலத்தை இறக்குவது அந்த அடகு. யாருக்காவது அவசரம் என்றால் வங்கிக்குப் போய் நகையிலிருந்து இன்னும் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பது பழக்கமாகிவிட்டது. தம்பி, மருமகன், மச்சாள், இப்போது அண்ணா. நான்கு தரத்தில் ஒரு தரமாவது உங்களுக்காக எடுத்தீர்களா?

இனிப் பிளற். மூன்றரைக் கோடிக்கு வருடம் 14 இலட்சத்து 40 ஆயிரம் வாடகை என்றால் நூற்றுக்கு 4. பராமரிப்புக் கட்டணம், வரி, ஆள் இல்லாத மாதங்கள் எல்லாம் கழித்தால் மூன்றும் கொஞ்சமும். உங்கள் 25 இலட்சம் பதினாலில் ஒரு பங்கு. பங்குக்கு வாடகை மாதம் 8,500, செலவு போக 7,000. அந்த 25 இலட்சத்துக்கு நூற்றுக்கு 14 படி நீங்கள் கட்டும் வட்டி மாதம் 29,000. இருபத்தொன்பதாயிரத்தைக் கொடுத்து ஏழாயிரத்தை வாங்குவதற்குக் கடல் ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன? கட்டி முடியாத கட்டடத்துக்கு "நிச்சய வாடகை" என்று எழுதித் தருகிறவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான்: அவ்வளவு நிச்சயம் என்றால் அவர்கள் ஏன் விற்கிறார்கள்? உறுதிப் பத்திரத்தில் யார் யார் பெயர் வரும் என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அதையும் கவனித்தேன்.

வெள்ளவத்தை நாளைக்கே கடலுக்குள் போகாது. ஆனால் கரையோர ரயில் பாதையைக் காக்க அங்கே ஏன் கருங்கல் அடுக்கியிருக்கிறார்கள் என்று அடுத்த தரம் போகும்போது பாருங்கள். எட்டாம் மாடிக்குக் கடல் தண்ணீர் வராது. ஆனால் தண்ணீர்ப் பம்ப், ஜெனரேற்றர், வாகனத் தரிப்பிடம் எல்லாம் பெரும்பாலும் கீழேதான் இருக்கும். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும், அதன் செலவு எல்லோருக்கும் பங்காக வரும். கடலோடு உள்ள தொல்லை வீடு மூழ்கித்தான் வரவேண்டும் என்றில்லை. பராமரிப்புச் செலவிலும், பத்து வருடத்துக்குப் பிறகு விற்கும்போது கேட்கிற விலையிலும் வரும். காசுக்காரருக்கு அது தாங்கும். கடன் எடுத்து வாங்குகிறவருக்குத் தாங்காது.

இவரின் காணி யோசனையும் இப்போது வேண்டாம். கொழும்புக் கடலுக்குப் பயந்து முல்லைத்தீவுக் கடற்கரையில் வாங்குவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. 2004 மார்கழி 26 சுனாமியைக் கண்ட கரை அது. கரையிலிருந்து 300 மீற்றருக்குள் எதையும் கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். விற்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை. எங்கள் பக்கத்தில் பல இடங்களில் பெமிற் காணிதான், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. உறுதிக் காணி என்று நினைத்துக் காசைக் கொடுத்துவிட்டு, பிரதேச செயலரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது என்று பிறகு தெரிந்து அலைகிறவர்களை நான் மாதாமாதம் சந்திக்கிறேன். எப்போதாவது வாங்குகிற நாள் வந்தால், மாரியில் போய்ப் பார்க்க வேண்டாம். ஆவணி வெயிலில் போய்க் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். கரையோர மணலில் நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீரின் மேலே மிதந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் உவர் ஏறிவிடும். பிறகு அந்தக் காணியில் ஒரு தென்னம்பிள்ளையும் சரியாக வராது.

இனிச் செய்ய வேண்டியது. பன்னிரண்டு பவுணில் தாலிக்கொடி 6, காப்பு 4, பதக்கச் சங்கிலி 2 என்று எழுதியிருக்கிறீர்கள். காப்பையும் சங்கிலியையும் விற்றுவிடுங்கள். சொல்வது இலேசு என்று நினைப்பீர்கள். மீள்குடியேறி வந்த பிறகு ஒவ்வொரு பவுணாகச் சேர்த்தது என்று நீங்கள் எழுதிய வரியை வாசித்த பிறகுதான் இதைச் சொல்கிறேன். ஆறைக் கொடுத்து ஆறைக் காப்பாற்றலாம். இப்படியே விட்டால் பன்னிரண்டும் போகும்.

தவணை முடிகிறபோது காப்புச் சீட்டை மீட்க வட்டியோடு 7 இலட்சத்து 20 ஆயிரம் அளவில் வேண்டும். நிலையான வைப்பை முறிக்க வேண்டாம், அதன் மேலேயே வங்கி சில கிழமைக்குக் கடன் தரும். காப்பை விற்கப் பவுணுக்கு 2 இலட்சத்து 30 ஆயிரம் கிடைக்கிறது என்று வைப்போம், 9 இலட்சத்து 20 ஆயிரம் வரும். அதில் 3 இலட்சத்து 60 ஆயிரத்தைக் கட்டிச் சங்கிலியை எடுத்து விற்றால் இன்னும் 4 இலட்சத்து 60 ஆயிரம். வைப்பின் மேல் எடுத்த கடனை உடனே அடையுங்கள். கையில் 3 இலட்சம் நிற்கும். கொடியின் சீட்டு வட்டியோடு 10 இலட்சத்து 80 ஆயிரம். அந்த 3 இலட்சத்தைக் கட்டி, 7 இலட்சத்து 80 ஆயிரத்துக்குக் குறைத்து வையுங்கள். இந்த முறை உயர்த்துவதில்லை, குறைப்பது.

அண்ணாவின் பிளற்றுக்கு மாதம் 40,000 கட்ட முடியும் என்று எழுதியது நீங்கள்தான். நான் 35,000 கேட்கிறேன். மாதாமாதம் அந்தச் சீட்டில் கட்டிவந்தால் இரண்டு வருடமும் இரண்டு மூன்று மாதமும் போகக் கொடி உங்கள் கையில். பகுதி பகுதியாகக் கட்ட விடுவார்களா என்று வங்கியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அநேகமாக விடுவார்கள்.

வைப்பை எடுத்துக் கடனில் போட்டால் இன்னும் கெதியாக முடியுமே, 14 ஐக் கட்டிக்கொண்டு வைப்பில் அதைவிடக் குறைவாக வாங்குவது நட்டமில்லையா என்று யாராவது கேட்பார்கள். கணக்குப்படி சரி. உங்கள் வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். கையில் ஒன்றும் இல்லாத அன்றைக்கு யாராவது வந்து கேட்டால் நீங்கள் திரும்ப அடகுக்குத்தான் ஓடுவீர்கள். அந்த 9 இலட்சம் மகளுக்காகவே இருக்கட்டும்.

அண்ணா கெட்டவர் இல்லை, தங்கச்சியையும் சேர்த்து உயர்த்த நினைக்கிற மனிதராகத்தான் தெரிகிறது. ஆனால் உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தும், நகை அடகில் இருப்பது அவருக்குத் தெரியும் என்று எங்கேயும் இல்லை. கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு வீடியோவில் கதைக்க வெட்கப்பட்டு, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். சொல்லுங்கள். "அண்ணா, என்ர கொடி நாலு வருசமா வங்கியில இருக்கு. அதை எடுத்த பிறகு பிளற்றைப் பற்றிக் கதைப்பம்." சுற்றி வளைக்க வேண்டாம். காரணமாகக் கடலையும் ஜகார்த்தாவையும் இழுக்க வேண்டாம், அவர் அதற்குப் பத்து மறுமொழி வைத்திருப்பார். இதற்கு அவரிடம் மறுமொழி இருக்காது. அழுவார் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று சீட்டில் காப்புச் சீட்டுத்தான் முதலில் தவணைக்கு வருகிறது, மாசி 11. அதற்கு ஒரு கிழமை முன்பே வங்கிக்குப் போங்கள். இவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், வைப்பு அவர் பெயரில் இருப்பதால் கையெழுத்து அவருடையதுதான் வேண்டும்.