பாப்டிஸ்ட் சபைகளில் ‘மதர்’ என்று அழைக்கப்படும் மூதாட்டிகள் யார்? அது ஒரு பதவியா?

பாப்டிஸ்ட் என்பது கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாப்டிஸ்ட் சபைகளில் முன்வரிசையில் வெள்ளை உடுப்போடு உட்கார்ந்திருக்கும் வயதான பெண்களை எல்லோரும் ‘மதர்’ என்கிறார்களே, அவர்களுக்கு என்ன அதிகாரம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. பாப்டிஸ்ட் சபையில் விதிப்படி இரண்டே பொறுப்புகள்: போதகர், அவருக்குத் துணையாகச் சபைக் காரியங்களைப் பார்க்கும் டீக்கன். பிஷப் கிடையாது, உத்தரவு போட மேலிடம் கிடையாது. ஒவ்வொரு சபையும் தனிக்காட்டு ராஜா. போதகரை அமர்த்துவது, அனுப்புவது, கூரையை மாற்றுவது எல்லாமே உறுப்பினர்கள் கூடி ஓட்டெடுத்து முடிவு செய்வதுதான். இதில் ‘மதர்’ எங்கே வருகிறார் என்றால், எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றித்தான் சொல்ல முடியும். வட கரோலினாவின் டர்ஹம் நகரில் 13 வருடம் என் பக்கத்து வீட்டுக்காரர். 1926-ல் பிறந்து 2022-ல் காலமானார். பெயர் வேண்டாம். அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதும் இல்லை.

நான் கிறிஸ்தவன் இல்லை. பழக்கம் ஆரம்பித்தது ஒரு இஸ்திரிப் பலகையால். குடிபோன புதிதில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். “பேபி, உனக்கு முதுகு வலி உண்டா?” என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். இல்லை என்றேன். “அப்போ வா, கீழ் அறையிலிருந்து ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வரணும்.” அவருக்கு அப்போது 83 வயது. அதற்கப்புறம் மாதாமாதம், முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, அந்தப் பலகை என் பொறுப்பானது.

மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்குத் திருவிருந்து. அப்பமும், மதுவுக்குப் பதிலாகத் திராட்சைச் சாறும் வைக்கும் மேசையை மூட நீளமான வெள்ளை லினன் துணி ஒன்று உண்டு. 1951-ல் சபைப் பெண்கள் சேர்ந்து தைத்தது. அதை இஸ்திரி போடும் உரிமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஸ்பிரேயாக வரும் கஞ்சியை மதிக்கவே மாட்டார். அடுப்பில் காய்ச்சித்தான் போடுவார். மூடியில் ஓட்டை போட்ட பழைய சோடா பாட்டிலால் தண்ணீர் தெளித்து, துணியைச் சுருட்டி ஒரு மணி நேரம் வைப்பார். முதலில் உள்பக்கம் தேய்ப்பார், அப்புறம் வெளிப்பக்கம். மடிப்புக் கோடு மேசையின் நடுவில் விழக் கூடாது. விழுந்தால் அவிழ்த்து மறுபடியும் முதலிலிருந்து. நான் எதிர் முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் வாழ்க்கைக் கதை முழுவதையும் நான் கேட்டது இப்படி நின்றுகொண்டேதான்.

பிறந்தது புகையிலைக் காட்டில், குத்தகை விவசாயக் குடும்பத்தில். கிராமத்துச் சபைக்குப் போதகர் மாதம் ஒரு ஞாயிறுதான் வருவார். ஒரே போதகரை நான்கு சபைகள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. மற்ற ஞாயிறுகளில் ஞாயிறு பள்ளி மட்டும். அதை நடத்தியது பெண்கள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்ததும் அங்கேதான். அவருடைய அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அரசியலமைப்பின் எந்தப் பகுதியைக் கொடுத்தாலும் படிக்கவும் எழுதவும் தெரிந்தால்தான் ஓட்டு என்று அந்த மாநிலம் 1900-ல் திருத்தம் கொண்டுவந்தது. 1867-க்கு முன்பே ஓட்டுரிமை இருந்தவர்களின் வாரிசுகளுக்கு மட்டும் சில வருடம் விலக்கு, அதாவது வெள்ளையர்களுக்கு. அந்த அப்பா சாகும்வரை எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. “ஆனா சபைக் கூட்டத்தில் கை தூக்குவார்” என்றார் மதர். “தூக்கினால் எண்ணுவார்கள். அவரை எண்ணின இடம் அது ஒண்ணுதான்.”

இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், பெட்டியின் சூட்டை விரலில் எச்சில் தொட்டுப் பார்த்துக்கொண்டே. பாப்டிஸ்ட்காரர்கள் ஏன் இப்படி எதற்கெடுத்தாலும் கூட்டம் போட்டு ஓட்டெடுக்கிறார்கள் என்று அதுவரை எனக்கு ஒரு கிண்டல் இருந்தது.

பாப்டிஸ்ட் சபைகளில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. 1609-ல் ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் புகுந்திருந்த ஆங்கிலேயர்களின் ஒரு சிறு கூட்டம் கிளப்பிய விவாதமே அதுதான்: விவரம் தெரிந்து, தன் வாயால் விசுவாசத்தைச் சொன்னவருக்குத்தான் ஞானஸ்நானம். தலையில் தெளிப்பதல்ல, முழுசாகத் தண்ணீரில் முக்குவது என்பதெல்லாம் கொஞ்சம் பின்னால் நிலைபெற்றது. மதர் முழுகியது 1936-ல், பத்து வயதில். ஆகஸ்ட் மாத எழுப்புதல் கூட்டத்தில், அதாவது விசுவாசத்தைத் தூண்ட இரவுதோறும் நடக்கும் கூட்டத்தில், இன்னும் மனம் திரும்பாத பிள்ளைகளை முன்னால் ஒரு பெஞ்சில் உட்காரவைப்பார்கள். ‘மோர்னர்ஸ் பெஞ்ச்’ என்று பெயர், துக்கப்படுகிறவர்களின் பெஞ்ச். உள்ளுக்குள் ஏதாவது நிகழும்வரை இரவுக்கு இரவு அதில் உட்கார வேண்டும். நான்கு இரவில் கூட இருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். இவர் மட்டும் பாக்கி. ஐந்தாவது இரவு எழுந்தார்.

“என்ன நிகழ்ந்தது?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லை, பேபி. பெஞ்ச் கெட்டியா இருந்தது.” கொஞ்ச நேரம் பேசாமல் தேய்த்தார். “நிஜமா வந்தது ரெண்டு வருஷம் கழிச்சு. புகையிலைக் காட்டில், பக்கத்தில் ஒருத்தரும் இல்லாதப்போ. அதுக்குள்ளே முழுக்கே முடிஞ்சுபோச்சு. திரும்பப் போய்ச் சொல்லவா முடியும்?”

முழுக்கு நடந்தது ஒரு குளத்தில். ஒரு டீக்கன் நீளக் கம்போடு முன்னால் இறங்கி ஆழம் பார்ப்பாராம். பாம்பு இருந்தால் விரட்டவும் அதே கம்புதான்.

18 வயதில் டர்ஹம் வந்து ஒரு புகையிலை ஆலையில் சேர்ந்தார். இலையின் நடுநரம்பைக் கையால் உருவும் வேலை, கறுப்பினப் பெண்களுக்கென்றே ஒதுக்கியது. தூசி மூக்கில் ஏறி ராத்திரியெல்லாம் இருமல். சபையில் அஷர், அதாவது வாசலில் நின்று வருகிறவர்களை உட்காரவைக்கும் வேலை. வெள்ளைக் கையுறை, வெள்ளை உடுப்பு. வாரத்தில் ஆறு நாள் பழுப்புத் தூசிக்குள் இருந்தவருக்கு ஏழாவது நாளின் அந்த வெள்ளை எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. கேட்டதில்லை.

1960 பிப்ரவரி 1-ஆம் தேதி பக்கத்து ஊரான கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையர்களுக்கான உணவுக் கவுண்டரில் போய் உட்கார்ந்து போராட்டம் தொடங்கினார்கள். அடுத்த வாரமே டர்ஹத்திலும் அது தொடங்கியது. 16-ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் வந்து ஒயிட் ராக் பாப்டிஸ்ட் சபையில் பேசினார். மதர் அங்கே இருந்தார். கிங் என்ன பேசினார் என்று ஆவலாகக் கேட்டால், “கூட்டம் தாங்கலை, ஒரு பெண் மயங்கி விழுந்துட்டாள், அவளுக்கு விசிறிக்கொண்டே பாதிப் பேச்சு போச்சு” என்பார். அப்புறம் ஹேட்டை என்ற கறுப்பர் வட்டாரத்தின் நடுவே நெடுஞ்சாலை வந்தது. அவருடைய முதல் வீடும் அதில் போனது.

பிள்ளைகள் ஆறு பேர். இரண்டு பேரையும் கணவரையும் அவரே புதைத்தார். மிச்சம் இருந்தவர்களையும் பேரன் பேத்திகளையும் தொலைபேசியிலேயே ஆண்டார். ஓய்வூதியம் வந்த அன்றே பத்தில் ஒரு பங்கு, தேதி அச்சடித்த காணிக்கை உறைக்குள் போய்விடும். பேரன் ஒருவன் வட்டிக்குக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டபோதும் அந்த உறையைத் தொடவில்லை. மீதி ஒன்பது பங்கிலிருந்துதான் கொடுத்தார், திட்டிக்கொண்டே.

சபையில் ‘மதர்ஸ் போர்டு’ என்று வயதான பெண்களின் குழு உண்டு. ஆராதனை தொடங்குமுன் ஜெபம் நடத்துவது, நோயாளிகளைப் பார்க்கப் போவது, முழுக்கு எடுப்பவர்களுக்கு வெள்ளை அங்கி மாட்டி, தண்ணீரிலிருந்து ஏறியதும் துண்டால் போர்த்துவது எல்லாம் அவர்கள் வேலை. நெளியும் குழந்தைக்குப் பையிலிருந்து பெப்பர்மின்ட் எடுத்துக் கொடுப்பதும்தான். எனக்கே இரண்டு முறை கிடைத்திருக்கிறது.

எனக்குப் பிடிக்காத பக்கமும் உண்டு. கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்ணைச் சபை முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைக்கும் வழக்கம் அவர் நடுவயதுவரை இருந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். அது தப்பில்லையா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். வெகுநேரம் யோசித்து, “அந்தப் பையனையும் நிறுத்தியிருக்கணும்” என்றார். அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த பதில் அது இல்லை.

அடக்க ஆராதனை மூன்று மணி நேரம். பேசுகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று நிகழ்ச்சித்தாளில் அச்சடித்திருந்தார்கள், ஒருவரும் மதிக்கவில்லை. யார் பாட வேண்டும், யார் கட்டாயம் பாடக் கூடாது என்று அவரே நோட்டில் எழுதிவைத்துவிட்டுத்தான் போயிருந்தார்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் 2015-ல் நடந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பாப்டிஸ்ட் பெண்கள் நெடுங்காலமாக எல்லா வேலையும் செய்தவர்கள், பிரசங்க மேடை மட்டும் கிடையாது. 1900-ல் நானி ஹெலன் பரோஸ் என்ற 21 வயதுப் பெண், கறுப்பின பாப்டிஸ்ட்களின் தேசிய மாநாட்டில், உதவ வரும் சகோதரிகள் எப்படித் தடுக்கப்படுகிறார்கள் என்று பேசினார். பெண்களுக்கென்று தனிப் பேரவை உருவானது அந்த மாநாட்டில்தான். 1964-ல் இதே டர்ஹத்தில், வாட்ஸ் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் சபை ஆடி டேவிஸ் என்ற பெண்ணைப் போதகப் பணிக்கு அபிஷேகம் செய்தது. ‘தெற்கத்திய பாப்டிஸ்ட்’ என்ற கூட்டமைப்பின் சபைகளில் அப்படிச் செய்யப்பட்ட முதல் பெண் அவர். அதைப் பற்றி மதரிடம் கேட்டால், “அது அந்தச் சபையின் இஷ்டம். பாப்டிஸ்ட்னா அதான்” என்று முடித்துக்கொள்வார். தன் சபையில் பெண் மேடையேறுவது அவருக்குச் சம்மதமில்லை. மகளிர் ஞாயிறு அன்றுகூட, பேச வரும் பெண் கீழே நின்றுதான் பேச வேண்டும்.

அப்படியிருக்க, அவருடைய சொந்தப் பேத்திக்கே பிரசங்கிக்க அழைப்பு வந்துவிட்டது. அவள் முதல் பிரசங்கத்துக்குத் தேதி கொடுக்கலாமா என்று சபை கூடியது. டீக்கன்கள் இரண்டு பட்டார்கள். இது எனக்கு அந்தப் பேத்தியே சொன்னது: எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றதும், முன்வரிசையில் மதர் கை தூக்கினார். பாதிக் கை இல்லை, முழங்கை நிமிர, எண்ணுகிறவருக்குத் தெரிகிற மாதிரி. ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது.

பிரசங்கத்துக்கு முந்தின சனிக்கிழமை என் கதவு தட்டப்பட்டது. அது முதல் ஞாயிறு வாரம்கூட இல்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு போனால், சமையலறை நாற்காலியில் ஒரு கறுப்பு அங்கி தொங்கியது. கையில் வரிசை வரிசையாக மடிப்பு வைத்தது. ஒவ்வொரு மடிப்பாக, ஈரத் துணி வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

“எதிர்த்துத்தானே கை தூக்கினீங்க?” என்றேன்.

“தூக்கினேன். எண்ணினாங்க. தோத்துட்டேன்.” அடுத்த மடிப்பைப் பிரித்து வைத்தார். “கசங்கின அங்கியோட என் பேத்தி அங்கே ஏறக் கூடாது. அந்தக் கையைத் தூக்கிப் பிடி பேபி, தரையில படுது.”