அந்த நர்ஸ் அப்பாவுக்குப் பரீட்சை வைக்கவில்லை

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 68 வயது. ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 12 வருடமாகச் சர்க்கரையும் பி.பி-யும் உண்டு. சமீபத்தில் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று ஒன்பது வகை மருந்து கொடுத்தார்கள். ஒரு நர்ஸ் ஒவ்வொரு அட்டையாக எடுத்து விளக்கிவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்க ஐயா" என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன ஸ்கூல் பையனா?" என்று எழுந்து வந்துவிட்டார். பத்து நாள் கழித்து, புரட்டாசிச் சனிக்கிழமை. காலை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, விரதம் என்று ஒன்றும் சாப்பிடாமல் பெருமாள் கோயிலுக்குப் போனார். 11 மணிக்குச் சட்டையெல்லாம் நனைய வியர்த்து, பேச்சுக் குழறி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 46. மாத்திரையை அதிகமாக எழுதிவிட்டார்களா? சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா? வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
- வாசகி, பெரம்பூர்

பதில்: படங்களை அனுப்பியது மிக நல்ல காரியம். பதில் அந்தப் படங்களிலேயே இருக்கிறது.

தனியார் மருத்துவமனையில் கொடுத்த சர்க்கரை மாத்திரையின் அட்டையில் கம்பெனி வைத்த பெயரைத் தாண்டிப் பாருங்கள். 'கிளிமிபிரைட் 2 மி.கி., மெட்பார்மின் 500 மி.கி.' என்று இருக்கும். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து. இன்னொரு படத்தில் இருப்பவை உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா மாதாமாதம் வாங்கும் அட்டைகள். ஒன்றில் கிளிமிபிரைட் 2 மி.கி., மற்றதில் மெட்பார்மின் 500 மி.கி. அதாவது அதே இரண்டு மருந்துதான், தனித்தனியாக. அப்பா பழையதையும் விடவில்லை, புதியதையும் விடவில்லை. அன்று காலை வெறும் வயிற்றில் அவருக்குள் போனது 4 மி.கி. கிளிமிபிரைட். எழுதிய டாக்டரும் தப்பாக எழுதவில்லை, சுகாதார நிலையமும் தப்பாகக் கொடுக்கவில்லை. இரண்டு அட்டையும் ஒரே வீட்டில் சந்தித்தது யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சர்க்கரை மாத்திரை என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மெட்பார்மின் தனியாக இருக்கும்போது சர்க்கரையைப் பெரும்பாலும் அபாயமான அளவுக்கு இறக்காது. கிளிமிபிரைட் அப்படியில்லை. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. அதனால்தான் அதைக் காலைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்போ சாப்பாட்டோடோ போடச் சொல்கிறோம். சாப்பாடு இல்லையென்றால் அந்த மாத்திரையும் இல்லை. விரதம் இருக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி, அன்றைக்கு எதைப் போடலாம், எதை விடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவின் பக்தியை நான் குறை சொல்லவே மாட்டேன். மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பதுதான் ஆபத்து.

சரி, நிறுத்திவிடலாமா? நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். இன்றே டாக்டருக்கு போன் செய்து, இரண்டு இடத்து மாத்திரையும் சேர்ந்து போன விஷயத்தைச் சொல்லுங்கள். அவர் சொல்லும் வரை அரசு அட்டையும் தனியார் அட்டையும் ஒன்றாக உள்ளே போகக் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ளதை மட்டும், அதையும் இட்லி தட்டில் வந்த பிறகு கொடுங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். அப்பாவுக்கு மெட்டோப்ரோலால் கொடுத்திருக்கிறார்கள். இதயத்துக்கு அவசியமான மருந்து, திடீரென்று நிறுத்தக் கூடாதது. ஆனால் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் கை நடுக்கத்தையும் இது மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. ஆகவே அப்பாவுக்குக் காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தாலோ, பேச்சு மாறினாலோ, வழக்கமில்லாத எரிச்சலும் குழப்பமும் வந்தாலோ உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் பார்க்காமலே கொடுக்கலாம். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறிவிட்டால் சாப்பாடு. அப்புறம் "சரியாயிடுச்சே" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். கிளிமிபிரைட் ஏறக்குறைய ஒரு நாள் வரை வேலை செய்யக்கூடியது. சர்க்கரை மறுபடி இறங்கலாம், மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். அன்றைக்கு நெஞ்சிலும் ஏதாவது அழுத்தமோ வலியோ இருந்ததா என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். இதயக் கோளாறிலும் வியர்க்கும். நெஞ்சுவலியோடு வியர்வை என்றால் முதல் வேலையே 108.

இப்போது அந்த நர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்கு ரொம்ப ஆசை.

நர்சிங் படிப்பில் ஐந்து 'சரி'களைச் சொல்லிக் கொடுப்பார்கள். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். வார்டில் அப்பா படுத்திருந்தபோது ஒவ்வொரு வேளையும் ஒரு நர்ஸ் இந்த ஐந்தையும் பார்த்துத்தான் மாத்திரையைக் கையில் கொடுத்திருப்பார். நீங்கள் ஆட்டோவில் ஏறிய நிமிடத்திலிருந்து அந்த ஐந்தும் உங்கள் பொறுப்பு. மருந்துத் தவறுகளைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஒரு முயற்சியைத் தொடங்கியபோது முக்கியமான இடங்களாகச் சொன்ன மூன்றில் இரண்டு இவை: ஒருவர் ஒரே சமயத்தில் பல மருந்து எடுப்பது, ஓரிடத்து சிகிச்சையிலிருந்து இன்னோரிடத்துக்கு மாறுவது. உங்கள் அப்பா அன்று இரண்டிலும் நின்றுகொண்டிருந்தார்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் நம் ஊரில் எல்லோரும் "ம், புரிஞ்சுது" என்றுதான் சொல்வோம். டாக்டர் முன்னால் புரியவில்லை என்று சொல்லக் கூச்சம். என் அறையிலும் தினமும் இதைப் பார்க்கிறேன். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய மாத்திரையைப் பற்றி ஒரு பெரியவரிடம் மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் தலையாட்டினார். "வீட்ல அம்மாகிட்ட எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்ட பிறகுதான், தினமும் காலையில் காபியோடு விழுங்க வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்டது தெரிந்தது. விளக்கியதில்தான் கோளாறு, அதாவது என்னிடம். திருப்பிச் சொல்லச் சொன்னதால் அது வெளியே வந்தது. அந்த நர்ஸ் சோதித்தது தன் விளக்கத்தை. அப்பா அன்று உட்கார்ந்து சொல்லியிருந்தால், "அப்புறம் நம்ம கவர்மென்ட் மாத்திரை ரெண்டு" என்று அவர் வாயிலேயே வந்திருக்கும். பிடிபட்டிருக்கும்.

அப்பாவிடம் இதை இப்படிச் சொல்லிப் பாருங்கள். தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடியும்போது அடுத்த ஆளிடம் வேலையை ஒப்படைப்போமே, எந்த போல்ட் முறுக்கியாச்சு, எது பாக்கி என்று அவர் திருப்பிச் சொல்லாமல் விட்டுவிட்டு வருவோமா? நர்ஸ் செய்ததும் அதுதான்.

வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. ஒரு பெரிய தாளை எடுத்து ஒவ்வொரு மாத்திரைக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: மருந்தின் உண்மைப் பெயர் (கம்பெனி வைத்த பெயர் வேண்டாம்), எதற்காக, எப்போது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா. சீட்டில் உள்ள 1-0-1-ஐ 'காலை, இரவு' என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள். ஒரே பெயர் இரண்டு வரியில் வந்தால் அங்கேயே நிறுத்தி டாக்டரைக் கேளுங்கள். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள், பெயரும் காலாவதித் தேதியும் அட்டையோடு போய்விடும். வாராந்தர டப்பா வைத்தால் அட்டையைத் துண்டாக வெட்டி வையுங்கள்.

ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் ஒருநாள் மறந்தால் பரவாயில்லை என்று விடக்கூடிய மாத்திரைகள் இல்லை. பல் பிடுங்கப் போனாலும், இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. முட்டி வலி, உடம்பு வலி என்று மெடிக்கலில் "ஒரு செட் மாத்திரை" கேட்டு வாங்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடச் சொல்லுங்கள். அந்த செட்டில் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை இருந்தால், ஆஸ்பிரினோடு சேர்ந்து வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், சிறுநீரகமும் அடிபடும்.

சுகாதார நிலையத்து நர்ஸிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் சகோதரி வந்தால் அவரிடம் புது டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள். அப்பாவுக்கு இன்னோர் இடத்திலும் மருந்து எழுதியிருப்பது அவர்களுக்குத் தெரிந்தால்தான் பட்டியலை மாற்றுவார்கள்.

அடுத்த முறை இதய மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். சொட்டு மருந்து, சித்த மருந்துச் சூரணம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சத்து மாத்திரை எல்லாமே. அந்த நர்ஸ் அங்கே இருந்தால் பையை மேஜையில் பரப்பி, அப்பாவே ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லட்டும். தடுமாறும் இடத்தில் மட்டும் நர்ஸ் திருத்தினால் போதும். கையோடு கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டும் இருக்கட்டும். சிறுநீரகம் சற்று மந்தமாக இருந்தாலும் சர்க்கரை மாத்திரையின் அளவை டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும்.