டிஸ்க் இரண்டு, மதர்போர்டு ஒன்று: கணினி கேள்வி - பதில்

கேள்வி: சார், என் டெஸ்க்டாப்பில் ஒரு எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு எஸ்.எஸ்.டி. மாட்டி அதில் லினக்ஸ் மின்ட் போட ஆசை. தனி டிஸ்க் என்றால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு போடு என்கிறார் ஒரு நண்பர். அப்படிப் போட்ட இன்னொருவரோ, விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றியதும் லினக்ஸும் பூட் ஆகாமல் போய்விட்டது என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: முதல் நண்பர் சொல்வது நடக்க வேண்டியது, இரண்டாமவர் சொல்வது பலருக்கும் நடப்பது.

இன்றைய யு.ஈ.எஃப்.ஐ. (பழைய பயாஸுக்குப் பதிலாக மதர்போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருள், பேச்சில் இன்னும் பயாஸ்தான்) கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கில் ஈ.எஃப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கும். விண்டோஸ் போடும்போது பெரும்பாலும் 100 எம்.பி. அளவில், ஃபேட்32 வடிவில் அதுவே உண்டாக்கிக்கொள்ளும். ஓ.எஸ்.ஸைக் கிளப்பிவிடும் சின்ன புரோகிராமான பூட்லோடர் இருப்பது அங்கேதான். எந்த டிஸ்க்கில், எந்தப் பார்ட்டிஷனில், எந்த ஃபைலை முதலில் எடுக்க வேண்டும் என்ற பட்டியலை மதர்போர்டு தன் நினைவில் வைத்திருக்கும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், உபுண்டுவும் மின்ட்டும் பல வருடம் பயன்படுத்திய இன்ஸ்டாலர், ஏற்கெனவே ஒரு ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் கண்ணில் பட்டால் புதிய டிஸ்க்கை விட்டுவிட்டு அங்கேயே போய் தன் பூட்லோடரை வைத்துவிடும். பூட்லோடரை எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று உங்களைக் கேட்கவும் செய்யும், நீங்கள் இரண்டாவது டிஸ்க்கைக் காட்டினாலும் முதல் டிஸ்க்கில்தான் போடும்! 2014-லேயே பதிவான குறை இது. அதனால் லினக்ஸின் உடம்பு ஒரு டிஸ்க்கிலும் வாசல் இன்னொரு டிஸ்க்கிலும் இருக்கிறது, விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றினால் வாசலும் சேர்ந்து போய்விடுகிறது. உங்கள் இரண்டாவது நண்பருக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

இதற்கு என் யோசனை கொஞ்சம் முரட்டுத்தனமானது, ஆனால் இதைவிடப் பத்திரமான வழி இல்லை. லினக்ஸ் போடும் அந்த நேரத்துக்கு மட்டும் விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஷட் டவுன் செய்து, பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, சாட்டா டிஸ்க் என்றால் அதன் கேபிளை எடுத்துவிடுங்கள், எம்.2 என்றால் ஒரே ஒரு ஸ்க்ரூதான். சில மதர்போர்டுகளில் பயாஸ் செட்டப்பிலேயே குறிப்பிட்ட ஸ்லாட்டை அணைத்து வைக்கலாம், அந்த வசதி இருந்தால் ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். இப்போது இன்ஸ்டாலர் முன்னால் இருப்பது ஒரே டிஸ்க். மற்ற நேரத்தில் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும் "முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டுப் போடு" என்ற முதல் ஆப்ஷனையே தைரியமாகக் கொடுக்கலாம், ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷனையும் அது புதிய டிஸ்க்கிலேயே உண்டாக்கிக்கொள்ளும். இரண்டு டிஸ்க்கும் ஒரே கம்பெனி, ஒரே கொள்ளளவு என்று இருப்பவர்கள் வேறு வழியே யோசிக்காதீர்கள், பட்டியலில் எது எது என்று தெரியாமல் தப்பான டிஸ்க்கை அழித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம்.

கழற்ற முடியாத லேப்டாப் என்றால், லினக்ஸ் இன்ஸ்டாலர் உள்ள லைவ் பென் டிரைவில் பூட் செய்து, டிஸ்க்கைப் பிரிக்க உதவும் ஜிபார்ட்டெட் புரோகிராமில் விண்டோஸ் டிஸ்க்கின் ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷன்மேல் ரைட் கிளிக் செய்து, ஃப்ளாக் பட்டியலில் பூட், ஈ.எஸ்.பி. என்ற இரண்டு டிக்குகளையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் இன்ஸ்டாலரில் கடைசியாக வரும், நாமே பிரித்துக்கொள்ளும் ஆப்ஷனில் போய் புதிய டிஸ்க்கில் 512 எம்.பி.க்கு ஒரு ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷனும் மீதியில் லினக்ஸும் போடுங்கள். முடிந்ததும், ரீஸ்டார்ட் கொடுப்பதற்கு முன்பே, எடுத்த டிக்குகளைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி கீபோர்டு பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்டால் முடிந்த சந்தோஷத்தில் எல்லாரும் மறப்பது இந்த ஒன்றைத்தான்.

சரி, பூட்லோடர் சரியான டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புதிய டிஸ்க்கின் ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷனைத் திறந்து பாருங்கள், உள்ளே ஈ.எஃப்.ஐ. என்ற ஃபோல்டர், அதற்குள் உபுண்டு என்ற ஃபோல்டர் இருக்க வேண்டும். மின்ட் உபுண்டுவை வைத்து உருவானது, அதனால் மின்ட் போட்டாலும் பெயர் உபுண்டு என்றுதான் இருக்கும், பயந்துவிடாதீர்கள்.

அதன் பிறகு எந்த ஓ.எஸ். வேண்டுமோ அதை, ஆன் செய்ததும் எஃப்12, எஃப்11, எஃப்8, எஸ்கேப் என்று உங்கள் போர்டுக்கு உரிய கீயைத் தட்டி வரும் பூட் மெனுவில் தேர்ந்தெடுங்கள். அடிக்கடி பயன்படுத்துவதை பயாஸில் முதலாவதாக வைத்துவிட்டால் போதும். லினக்ஸின் பூட்லோடரான க்ரப் காட்டும் மெனுவிலேயே விண்டோஸும் தெரிய வேண்டும் என்று சிலர் மெனக்கெடுகிறார்கள். 2021-ல் வந்த க்ரப் 2.06 முதல் மற்ற ஓ.எஸ்.களைத் தேடும் வேலை இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. க்ரப் செட்டிங்கில் ஒரு வரியை மாற்றி அதைத் திறந்து விடலாம்தான், சில லினக்ஸ்களில் திறந்தேவும் வருகிறது. ஆனால் இரண்டையும் பிரித்து வைக்க இவ்வளவு பாடுபட்டுவிட்டு ஒன்றின் வாசல் வழியாக மற்றொன்றுக்குப் போவானேன் என்பது என் கட்சி.

கேள்வி: எனக்கு நேர்மாறான நிலைமை. லினக்ஸ் முதலிலேயே இருக்கிறது, இரண்டாவது டிஸ்க்கில் விண்டோஸ் போட வேண்டும். இதே பிரச்சினை வருமா?

பதில்: வரும். விண்டோஸ் இன்ஸ்டாலருக்கும் இதே கெட்ட பழக்கம் உண்டு, வேறு டிஸ்க்கில் ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் இருந்தால் தன் பூட் ஃபைல்களை அங்கே கொண்டுபோய் வைத்துவிடக்கூடும். லினக்ஸ் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். முடித்ததும் விண்டோஸ் பூட் மேனேஜர் தன்னைத்தானே பட்டியலில் முதலாவதாக ஏற்றிக்கொண்டிருக்கும். லினக்ஸ் போய்விட்டது என்று அலற வேண்டாம், பயாஸில் வரிசையை மாற்றினால் வந்துவிடும்.

கேள்வி: தனித்தனி டிஸ்க்கில்தான் இரண்டும் இருக்கின்றன. ஆனாலும் லினக்ஸில் இருந்து விண்டோஸுக்கு மாறும்போதெல்லாம் கடிகாரம் தப்பாகக் காட்டுகிறது. பேட்டரி போய்விட்டதா?

பதில்: எத்தனை மணி நேரம் தப்பு என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் ஊர் நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவே தப்பாகக் காட்டினால் பேட்டரி நன்றாக இருக்கிறது. மதர்போர்டில் இருப்பது ஒரே கடிகாரம். விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. டிஸ்க்கைப் பிரித்தாலும் கடிகாரத்தைப் பிரிக்க முடியாதே! லினக்ஸ் டெர்மினலில் timedatectl set-local-rtc 1 என்று கொடுத்தால் அதுவும் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிடும். பிளக்கை எடுத்து வைக்கும்போது மட்டும் நேரமும் தேதியும் கன்னாபின்னாவென்று போகிறது என்றால்தான் அந்த வட்டமான சி.ஆர்.2032 பேட்டரியை மாற்ற வேண்டும்.

கேள்வி: லினக்ஸில் இருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால் படிக்க முடிகிறது, எதையும் சேமிக்க முடியவில்லை. ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் வருகிறேன்.

பதில்: நீங்கள் ஷட் டவுன் கொடுத்தீர்கள், விண்டோஸ் முழுதாக ஷட் டவுன் ஆகவில்லை. விண்டோஸ் 8 காலத்தில் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் செய்யும் வேலை இது: கடையைப் பூட்டாமல் ஷட்டரை மட்டும் இறக்கிவிட்டுப் போவது மாதிரி, உங்கள் புரோகிராம்களை மூடிவிட்டு ஓ.எஸ்.ஸின் உள்பகுதியை அப்படியே ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை வந்து விட்ட இடத்தில் தொடரும். நடுவில் லினக்ஸ் போய் அந்த டிரைவில் எழுதினால் விண்டோஸ் வைத்திருக்கும் கணக்கும் டிஸ்க்கில் இருப்பதும் ஒத்துப்போகாமல் ஃபைல்கள் கெடும். அதனால்தான் லினக்ஸ் எழுத மறுக்கிறது, அதைக் கட்டாயப்படுத்தி எழுத வைக்கும் வழிகளைத் தேடிப் போகாதீர்கள். விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்துக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்.எஸ்.டி.யில் இதனால் பூட் ஆகும் நேரம் கூடுவது கண்ணுக்குத் தெரியாது. ஒரு தடவைக்கு மட்டும் என்றால் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். ரீஸ்டார்ட் எப்போதுமே முழுதாக மூடித்தான் திறக்கும்.

கேள்வி: லினக்ஸுக்காக பயாஸில் செக்யூர் பூட்டை (கையெழுத்துள்ள பூட்லோடரை மட்டும் ஓட விடும் காவலை) அணைத்தேன். இப்போது விண்டோஸ் ஏதோ ரெகவரி கீ கேட்டு நீல நிறத்தில் நிற்கிறது. லினக்ஸ் இன்னும் போடக்கூட இல்லை!

பதில்: அது பிட்லாக்கர், டிஸ்க்கில் இருப்பதைச் சங்கேதமாக்கிப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, சாவி மதர்போர்டில் உள்ள டி.பி.எம். சிப்பில் இருக்கிறது, பூட் ஆகும் விதத்தில் மாற்றம் தெரிந்தால் சிப் சாவியைத் தராது. நான் பூட்டவே இல்லையே என்பீர்கள். 2024-ல் வந்த விண்டோஸ் 11 24எச்2-வைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற பெயரில் அதுவே பூட்டியிருக்கும். முதலில் செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்து பாருங்கள், பெரும்பாலும் கேட்காமல் உள்ளே விட்டுவிடும். விடாவிட்டால் வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்தால் அந்த 48 இலக்கக் கீ அங்கே இருக்கும். உள்ளே போனதும் அதை வெளியே எங்காவது எழுதி வைத்துவிட்டு, பயாஸைத் தொடுவதற்கு முன் பிட்லாக்கரை இடைநிறுத்துங்கள்.

உண்மையில் மின்ட், உபுண்டு, ஃபெடோரா இதற்கெல்லாம் செக்யூர் பூட்டை அணைக்கவே வேண்டாம், மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட ஷிம் என்ற சின்ன புரோகிராம் வழியாக அவை பூட் ஆகிவிடும். என்விடியா டிரைவர் போன்றவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை இருக்கும், அவ்வளவுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று பழைய ஷிம்களை ஏற்கக் கூடாது என்ற விதியை மதர்போர்டின் நினைவில் எழுதிவிட்டது. தனி டிஸ்க்கில் லினக்ஸ் வைத்திருந்தவர்களுக்கும் "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று வந்து நின்றது. எனவே பழைய பென் டிரைவில் கிடக்கும் பழைய லினக்ஸைப் போடாமல் புதிதாக டவுன்லோடு செய்து போடுங்கள்.

கேள்வி: இன்ஸ்டாலரில் என் எஸ்.எஸ்.டி.யே தெரியவில்லை. பென் டிரைவ் மட்டும்தான் தெரிகிறது.

பதில்: பயாஸில் ஸ்டோரேஜ் என்ற இடத்தைப் பாருங்கள், மதர்போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை அநேகமாக ரெய்டு அல்லது இன்டெல் ஆர்.எஸ்.டி. என்று இருக்கும். அதை ஏ.எச்.சி.ஐ. என்று மாற்ற வேண்டும், ஆனால் சும்மா மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது. முதலில் விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் திறந்து சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், நேராக பயாஸுக்குள் போய் ஏ.எச்.சி.ஐ. ஆக்குங்கள், விண்டோஸ் சேஃப் மோடில் வந்து தனக்கு வேண்டிய டிரைவரை எடுத்துக்கொள்ளும், பிறகு டிக்கை எடுத்துவிடலாம். பிட்லாக்கர் இருந்தால் மேலே சொன்ன கீ கையில் இருக்கட்டும்.

கேள்வி: லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால் அந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால் போதுமா?

பதில்: பூட்லோடரும் அதே டிஸ்க்கில் இருந்தால் போதும், விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. பூட் மெனுவில் உபுண்டு என்ற பெயர் மட்டும் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அது மதர்போர்டின் நினைவில் இருப்பது. சில போர்டுகள் தாமாகவே அழித்துவிடும், சிலவற்றில் பயாஸுக்குள் போய் நீக்க வேண்டியிருக்கும். விட்டுவிட்டாலும் பாதகமில்லை.