வரலாற்று வியூக ஆட்டங்களின் பின்பாதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வரலாற்று வியூக விளையாட்டுகளைப் பல ஆண்டுகளாக ஆடிவருகிறேன். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகத்தில் 2022ஆம் ஆண்டு திராவிடர் என்ற நாகரிகமும் ராஜேந்திர சோழனின் படையெடுப்புக் கதையும் சேர்க்கப்பட்டபோது மகிழ்ந்தேன். 2025இல் வெளிவந்த ‘சிவிலைசேஷன் 7’இல் சோழர்கள் இடம்பெற்றபோதும் அப்படியே. அடுத்து என்ன வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் புதிய நாகரிகங்கள், இன்னும் பெரிய வரைபடம், இன்னும் துல்லியமான காட்சிகள், இன்னும் புத்திசாலியான கணினி எதிரி என்றே பட்டியல் நீள்கிறது. நானும் அதையேதான் சொல்லிவருகிறேன்.

ஆனால் எந்த நாட்டை எடுத்து ஆடினாலும் பாதி ஆட்டம் கடந்ததும் வெல்லப்போவது தெரிந்துவிடுகிறது. அதன்பின் கை ஓடுவதில்லை. அப்படியே விட்டுவிட்டு வேறொரு நாட்டை எடுத்துப் புதிதாகத் தொடங்கிவிடுகிறேன். முடித்த ஆட்டங்களைவிட விட்ட ஆட்டங்களே அதிகம். இது என் பொறுமையின்மையா, ஆட்டத்தின் குறையா? ஆட்டத்தின் குறை என்றால், உருவாக்குபவர்களிடம் நாம் கேட்க வேண்டியது என்ன?

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

உங்கள் பொறுமையில் குறை ஏதுமில்லை. நீண்ட வியூக ஆட்டங்களை நடுவில் கைவிடுவோர் ஏராளம். ‘சிவிலைசேஷன் 7’ஐ உருவாக்கிய ஃபிராக்ஸிஸ் நிறுவனத்தாரே, பலர் ஆட்டத்தை முடிப்பதில்லை என்பதை மனத்தில் கொண்டுதான் அதன் அமைப்பை மாற்றியதாக வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

புதிய நாகரிகங்கள் வேண்டும் என்ற கோரிக்கையை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகத்துக்கு 2013இல் வந்த ‘தி ஃபர்காட்டன்’ என்ற கூடுதல் தொகுப்பில் துணைக்கண்டம் முழுவதும் ‘இந்தியர்’ என்ற ஒற்றைப் பெயரில் அடைக்கப்பட்டு, அத்தனை பேருக்கும் பொதுவாக ஓர் ஒட்டகப் படை கொடுக்கப்பட்டிருந்தது. 2022இல் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ அதை இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என நான்காகப் பிரித்தது. திராவிடருக்கு வலுவான குதிரைப்படை கிடையாது. காலாட்படையையும் யானைகளையும் திரிசடை என்ற பெருங்கப்பலையும் நம்பியே ஆட வேண்டும். வூட்ஸ் எஃகு நுட்பத்தைப் பெற்றுவிட்டால் அவர்களுடைய வாள் எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாமல் வெட்டும். உறுமி என்ற சுருள்வாளைக் கையில் ஏந்திய வீரர்களைப் படைபடையாக இறக்குவது வரலாற்று நோக்கில் சற்று மிகைதான். ஆனாலும் ஆடும் முறையே மாறிவிடுகிறது என்பதால் அந்தப் பிரிவினைக்குப் பொருள் இருக்கிறது.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ பொறுத்தவரை நீங்கள் சொல்லும் சிக்கலே பெரிதாக எழுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது ஒரே அமர்வில் முடிந்துவிடும் மோதல். தோல்வி தெரிந்ததும் ‘ஜிஜி’ (‘குட் கேம்’, நல்ல ஆட்டம்) என்று தட்டிவிட்டு விலகுவதே அங்கே மரியாதை. பல நாட்கள் நீளும் பேரரசு ஆட்டங்களில்தான் பின்பாதி வறண்டு கிடக்கிறது. அங்கே புதிய நாகரிகம் கேட்பவர்களில் பலர் உண்மையில் கேட்பது இன்னொரு முன்பாதியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வகை ஆட்டங்களின் கணக்கு எளிமையானது. ஒரு நகரம் கூடினால் விளைச்சல் கூடும், விளைச்சல் கூடினால் படை கூடும், படை கூடினால் அடுத்த நகரம் விழும். தொடக்கத்தில் கிடைத்த சிறு முன்னிலை வட்டிக்கு வட்டியாகப் பெருகி, ஒரு கட்டத்துக்குமேல் எதிரி என்ன செய்தாலும் எட்ட முடியாத உயரத்துக்குப் போய்விடுகிறது. வெற்றி உறுதியான பிறகும் அதைக் கையில் வாங்குவதற்கு நூற்றுக்கணக்கான முறை சொடுக்கியாக வேண்டும். நகரம் நகரமாக அடுத்து என்ன கட்டுவது என்று ஆட்டம் கேட்டுக்கொண்டே இருக்கும். பேரரசர் பதவிக்கு வந்தவர் எழுத்தர் வேலை பார்க்கத் தொடங்குவது அங்கேதான்.

‘சிவிலைசேஷன் 7’ இதற்குக் கண்ட மருந்து, ஆட்டத்தை மூன்று யுகங்களாக வெட்டுவது. முதல் இரண்டு யுகங்களின் முடிவிலும் கொள்ளைநோயோ கலகமோ படையெடுப்போ நெருக்கடியாக வரும். யுகம் மாறும்போது பெரும்பாலான நகரங்கள் சிற்றூர் நிலைக்கு இறங்கும். ஆட்டக்காரர் வேறொரு நாகரிகத்துக்கு மாறியாக வேண்டும் என்பதே வெளியானபோதிருந்த விதி. நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மருந்துதான் பலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தான் செய்த தவறால் பேரரசு சரிந்தால் ஆட்டக்காரர் ஏற்றுக்கொள்வார். நாள்காட்டி திரும்பியதால் சரிந்தது என்றால் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே நாகரிகத்தை ஆட வேண்டும் என்று எழுந்த குரலின் அடியில் இருந்தது இந்த மனக்குறைதான் என்பது என் கணிப்பு.

வரலாற்றில் பேரரசுகளுக்குப் பெரும்பாலும் அவற்றின் அளவே பகையாக நின்றது. 1241 டிசம்பரில் மங்கோலியாவில் பேரரசர் ஓகதேய் கான் இறந்தபோது, பத்து கான் என்ற மங்கோலியத் தளபதியின் படைகள் ஹங்கேரியில் இருந்தன. யாம் என்ற அஞ்சல் குதிரை நிலையங்களின் வழியே அன்றைய உலகின் மிக விரைவான செய்தித் தொடர்புகளில் ஒன்று மங்கோலியர் கையில் இருந்தும், தலைநகரின் செய்தி எல்லையை எட்ட மாதக்கணக்கில் ஆகக்கூடிய தொலைவு அது. 1242 வசந்த காலத்தில் படைகள் திரும்பிச் சென்றன. திரும்பக் காரணம் கானின் மரணமா, மேய்ச்சல் நிலப் பற்றாக்குறையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எதுவாயினும், அது போர்க்களத்தில் எதிரி தந்த தோல்வியன்று. பிற்காலத்திலும் இதே கதைதான். இன்றைய பெல்ஜியத்திலுள்ள கெண்ட் நகரில் 1814 டிசம்பர் 24 அன்று பிரிட்டனும் அமெரிக்காவும் சமாதானத்துக்குக் கையெழுத்திட்டன. அது கடல் கடந்து வந்து சேர்வதற்குள், 1815 ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் இரு படைகளும் மோதி, பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் ஏறத்தாழ 2,000 பேர் இறந்தும் காயம்பட்டும் பிடிபட்டும் போயினர்.

நம் ஆட்டங்களில் இவை எதுவும் நடக்க முடியாது. வரைபடத்தின் கிழக்கு மூலையில் நிற்கும் படையைத் தலைநகரிலிருந்து சொடுக்கினால் அந்தக் கணமே அது திரும்பி நடக்கிறது. எதிரியின் நிலத்தின்மேல் மூடுபனி போட்டு மறைப்பதை இத்துறை தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டது. சொந்த நிலத்தின்மேல் ஒரு துளி மூடுபனிகூடக் கிடையாது. உண்மையான அரசர்கள் அதிகம் தடுமாறியது தம் நாட்டைப் பற்றிய அறியாமையால்தான். 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய முதலாம் வில்லியம், தன் நாட்டில் யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது, அதிலிருந்து என்ன வரும் என்று ஊர் ஊராக ஆளனுப்பிக் கேட்டு ‘டூம்ஸ்டே’ பதிவேட்டைத் தொகுத்தது 1086இல். ராஜராஜ சோழன் 985இல் அரியணை ஏறினான். அவனுடைய பெரும் நிலஅளவை நடந்தது 1000ஆம் ஆண்டை ஒட்டி. இப்போது இடைக்கால அரச வம்சங்களை ஆடும் ‘க்ரூசேடர் கிங்ஸ் 3’ என்ற ஆட்டத்தைத் திறந்து அதே 1066ஆம் ஆண்டில் வில்லியமாக ஆடத் தொடங்குங்கள். எந்த நிலப்பகுதியிலிருந்து மாதம் எவ்வளவு பொன் வருகிறது என்று தசமப் புள்ளியோடு திரையில் இருக்கும். வில்லியம் இருபது ஆண்டுகள் காத்திருந்து பெற்றது நமக்கு முதல் நொடியிலேயே கிடைத்துவிடுகிறது.

ஆகவே நான் கேட்பது இரண்டு: தாமதமும் கீழ்ப்படியாமையும்.

கீழ்ப்படியாமையை ஓரளவுக்கு உள்ளே கொண்டுவந்தது அந்த ‘க்ரூசேடர் கிங்ஸ்’தான். நாற்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த நாடு, அரசன் கண்ணை மூடியதும் பாகப்பிரிவினை முறைப்படி மகன்களுக்குள் துண்டாகிறது. மூத்தவனாக நீங்கள் தொடரும்போது தம்பி ஒருவன் பக்கத்து நாட்டின் அரசனாக நிற்கிறான். அப்பனுக்கு அஞ்சி அடங்கியிருந்த சிற்றரசர்கள் ஒன்றுகூடி உரிமை கேட்கிறார்கள். முதன்முதலில் இதை எதிர்கொள்பவருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்த ஆட்டத்துக்குப் பின்பாதி என்று ஒன்று இருப்பதே இதனால்தான். பழகிய ஆட்டக்காரர்கள் இளைய மகன்களின் வாரிசுரிமையைப் பறித்தும் இன்னும் வெளியில் சொல்லக்கூசும் வழிகளிலும் இந்தப் பிரிவினையைத் தவிர்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். வரலாற்றில் அரண்மனைகள் செய்ததும் அதுவேதான். குறை எங்கே என்றால், ஒரு சிற்றரசன் உங்களை எவ்வளவு வெறுக்கிறான் என்பதும் அந்த வெறுப்பின் ஒவ்வொரு காரணத்துக்கும் எத்தனை மதிப்பெண் என்பதும் பட்டியலாகத் திரையில் வந்துவிடுகிறது. துரோகம் செய்யப்போகிறவன் முன்கூட்டியே மனு கொடுப்பதைப் போல இருக்கிறது. அதே தகவலை ஒற்றர் வழியாக, பாதி பொய்யும் பழைய செய்தியுமாகப் பெற்று முடிவெடுக்க வேண்டியிருந்தால் அரசவை எவ்வளவு உயிர்பெற்றிருக்கும்!

அதே ஆட்டத்தில் கடல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கப்பற்படை கட்ட வேண்டியதில்லை, கடற்போரும் கிடையாது. பொன்னைக் கொடுத்தால் படை கரையிலிருந்து தானாகவே கப்பலேறிவிடுகிறது. 1025இல் ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்கள்மீது சென்ற ராஜேந்திரனின் கடற்படையெடுப்பை இந்த அமைப்பில் ஆடினால் மிஞ்சுவது ஒரு கட்டண ரசீது மட்டுமே. பருவக்காற்று எந்த மாதம் எந்தத் திசையில் வீசும், அதைத் தவறவிட்டால் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், அதுவரை அவ்வளவு பேருக்குச் சோறு யார் போடுவது என்பவைதாம் அந்தப் படையெடுப்பின் உண்மையான வியூகக் கேள்விகள். சோழர்களைச் சேர்த்தால் போதாது, சோழர்களுக்கு ஒரு கடலும் வேண்டும்.

தூரத்தை ஆட்டத்தின் மையத்துக்குக் கொண்டுவரும் முயற்சி தொடங்கிவிட்டது என்பது நல்ல செய்தி. 2025 நவம்பரில் வந்த ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 5’, 1337இல் தொடங்குகிறது. அதில் ஒரு நிலப்பகுதி உங்கள் நிறத்தில் இருப்பதாலேயே அதன் வரி உங்களுக்கு வந்துவிடாது. தலைநகரிலிருந்து விலக விலக அரசின் பிடி தளர்கிறது. சாலையும் ஆறும் தூரத்தைக் குறைக்கின்றன. கடலில் உங்கள் கப்பல்களின் இருப்பு வலுவாக இருந்தால் எதிர்க்கரை பக்கத்து மலைநாட்டைவிட அருகில் வந்துவிடுகிறது. கடற்கரையோரமாகவே பரந்த வணிகப் பேரரசுகள் ஏன் உள்நாட்டுக்குள் நுழையத் தயங்கின என்பதைப் பாடம் நடத்தாமலே உணர்த்திவிடும் விதி இது. வென்ற நிலத்தைப் பிடித்து வைத்திருப்பதே வேலையாகிவிடுவதால் பின்பாதிக்கும் உள்ளீடு கிடைக்கிறது. அங்கேயும் பிடியின் அளவு துல்லியமான எண்ணாகத் தெரிகிறது என்பது என் மனக்குறை. முதல் படி என்ற அளவில் மகிழ்ச்சியோடு ஏற்கிறேன்.

ஆட்டக்காரர்கள் ஆடுவதே அதிகாரத்தின் சுகத்துக்காகத்தானே, கட்டளைக்குப் பணியாத படையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019இல் வந்த ‘ரேடியோ கமாண்டர்’ வியட்நாம் போரைப் பற்றியது. அதில் உங்கள் முன் இருப்பவை ஒரு காகித வரைபடமும் ஒரு வானொலிக் கருவியும் மட்டுமே; படைப்பிரிவு எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்து, வரைபடத்தில் நீங்களே குறித்துக்கொள்ள வேண்டும்; பதில் வராத நேரங்களில் கை பதறும். சிறிய ஆட்டம்தான், எல்லோருக்கும் உரியதும் அன்று. ஆனால் அறியாமையும் விறுவிறுப்பைத் தரும் என்பதற்கு அது போதிய சான்று. நிபந்தனை ஒன்றுண்டு: தாமதம் ஏன் நேர்ந்தது என்பது ஆட்டக்காரருக்குப் புரிய வேண்டும், அதைக் குறைக்கும் வழியும் அவர் கையில் இருக்க வேண்டும். அஞ்சல் நிலையங்கள் கட்டலாம், சாலை போடலாம், எல்லைப்புறத்துக்கு நம்பிக்கைக்குரியவரை அனுப்பி முழு அதிகாரமும் கொடுக்கலாம். கொடுத்த பிறகு அவர் உங்களுக்கு நம்பிக்கையாக இருப்பாரா என்ற கவலை தனியே தொடங்கும். இவற்றில் எதுவும் இல்லாமல் வெறுமனே கட்டளையைத் தாமதப்படுத்தினால் அது மென்பொருள் கோளாறு போலத்தான் தோன்றும்.

கணினி எதிரி புத்திசாலியாக வேண்டும் என்ற கோரிக்கைக்கும் இதில் பாதி விடை இருக்கிறது. ‘சிவிலைசேஷன் 6’இல் மிகக் கடினமான நிலையைத் தேர்ந்தெடுத்தால் கணினியின் சிந்தனை கூர்மையாவதில்லை, நகரம் நிறுவும் குடியேறி ஒருவரோடு நீங்கள் தொடங்கும்போது அது மூன்று குடியேறிகளோடு தொடங்குகிறது, உற்பத்தியிலும் சலுகை பெறுகிறது. அதாவது மேட்டிலிருந்து ஓடவிடுகிறார்கள். பிந்திய செய்தியையும் ஐயத்துக்குரிய தளபதிகளையும் இரு தரப்பும் சுமக்க வேண்டியிருந்தால், முன்னிலையில் இருப்பவருக்கே சுமை அதிகம். அவருடைய நாடுதானே பெரிது. இத்தகைய சலுகைகளின் தேவை அப்போது தானாகவே குறையும்.

நாம் எப்படிக் கேட்பது என்பது உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்வி. இன்ன நாகரிகத்தைச் சேருங்கள் என்று எழுதினால் அது ஒரு விற்பனைத் தொகுப்பாக மாறி வந்துவிடும். நிறுவனங்களுக்கு அது எளிதும்கூட. அதற்குப் பதிலாக, ஆட்டத்தை எந்த இடத்தில் விட்டீர்கள் என்று எழுதுங்கள். அப்போது எத்தனை நகரங்கள் இருந்தன, கடைசியாக எடுத்த முடிவு எது, அதற்கு முன் உண்மையிலேயே தயங்கி எடுத்த முடிவு எது, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஓடியது என்பதைக் குறித்து அனுப்புங்கள். சேமித்த கோப்பையும் இணைத்துவிட்டால் இன்னும் நல்லது. எந்த வடிவமைப்பாளரும் புறக்கணிக்க முடியாத தகவல் அது.

அதுவரை, சலித்த ஆட்டங்களைக் குற்ற உணர்வின்றி நடுவிலேயே விட்டுவிடுங்கள்.

அன்புடன்