சாராயப் போத்தலும் சார்ல்ஸ் பேர்னும்

அன்புள்ள ஐயா,

ஓகஸ்ட் விடுமுறைக்கு லண்டனில் தம்பி வீட்டுக்குப் போனபோது, ஏ.எல். உயிரியல் படிக்கும் மகளை ஹண்டேரியன் நூதனசாலைக்குக் கூட்டிப்போனேன். டொக்டராகத்தான் வருவேன் என்று நிற்கிறவள், போத்தல்களில் மிதந்த மனித உறுப்புகளைக் கண்டதும் முகம் வெளிறி வெளியே போய் இருந்துவிட்டாள். இது நூதனசாலையா, பிரேத அறையா? இதையெல்லாம் சனத்துக்குக் காட்டத்தான் வேண்டுமா?

ஒரு தாய், வெள்ளவத்தை

அன்பின் சகோதரிக்கு,

மகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முதல் நாள் மயங்கி விழுந்தவர்களும் நல்ல சத்திரசிகிச்சை நிபுணர்களாக வந்திருக்கிறார்கள்.

காட்டத்தான் வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. அந்தப் போத்தல்களைச் சேர்க்கத் தொடங்கிய, நூதனசாலைக்குப் பெயர் தந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் ஹண்டர் 18ஆம் நூற்றாண்டுக்காரர். அப்போது ஃபோர்மலின் கிடையாது, வெட்டிப் பார்த்ததைச் சாராயத்தில் போட்டு வைத்தால்தான் அடுத்த மாணவனுக்குக் காட்டலாம். வெட்டுவதற்கு உடல் கிடைப்பதே பெரும்பாடு. சட்டப்படி கிடைத்தது தூக்கிலிட்ட கொலைகாரர்களின் உடல்தான், அது போதாமல் இரவில் புதைகுழி தோண்டித் திருடி விற்கிறவர்கள் இருந்தார்கள், 1832இல் சட்டத்தை மாற்றியபோதும் மேசைக்கு வந்தது உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் உடல். ஆகவே போத்தலைப் பார்க்கும்போது உள்ளே இருப்பவர் யார், அவரிடம் யாராவது கேட்டார்களா என்று மனம் கலங்கினால் அது சரியான கலக்கம்.

நீங்கள் அங்கே காணாத ஒருவர் இருக்கிறார். சார்ல்ஸ் பேர்ன், அயர்லாந்துக்காரர், ஏழடி ஏழங்குலம். 1783இல் 22 வயதில் செத்துப்போனார். டொக்டர்மார் கையில் அகப்படக்கூடாது, கடலில் போட்டுவிடுங்கள் என்பதுதான் அவருடைய ஆசை. ஹண்டர் காசு கொடுத்து உடலை எடுத்துவிட்டார். எலும்புக்கூடு 200 வருடத்துக்கு மேல் காட்சியில் நின்றது. 2023இல் நூதனசாலையைத் திருத்தித் திறந்தபோதுதான் எடுத்தார்கள், அதுவும் கடலுக்கு அனுப்ப அல்ல, ஆராய்ச்சிக்கென்று உள்ளே வைத்துக்கொண்டார்கள். எனக்கு இது அரை நியாயம்.

அடுத்த முறை போனால் லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனுக்குக் கிட்டே, ஒரு பழைய தேவாலயத்தின் கூரைக்கடியில் இருக்கிற சத்திரசிகிச்சை அறைக்குப் போங்கள். ஒடுங்கின சுழல்படி, 52 படிகள், முழங்கால் நோவென்றால் யோசித்து ஏறுங்கள். 1822இல் பெண் நோயாளிகளுக்காகக் கட்டியது. நடுவில் ஒரு மரமேசை, கீழே இரத்தம் வடிய மரத்தூள் பெட்டி, சுற்றிவர மாணவர்கள் நின்று பார்க்கும் தட்டுகள். மயக்க மருந்து வந்தது 1846இல், அதற்கு முதல் ஒரு காலை வெட்டி எடுப்பதென்றால் நாலு பேர் அமத்திப் பிடிக்க, நிமிடக் கணக்கில் முடிக்கிறவர்தான் கெட்டிக்காரர். இதையெல்லாம் பார்வையாளர்களுக்கு அந்த மேசையிலேயே நடித்துக் காட்டிச் சொல்லுவார்கள். அந்த வெறும் மேசைக்கே வயிறு கலங்கும்.

இங்கே கொழும்பில் இப்படியொரு நூதனசாலையை என்னிடம் ஒப்படைத்தால் முதல் பெட்டியில் எலும்பு வைக்கமாட்டேன். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் படிப்பித்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீனின் இரணவைத்தியம் (சத்திரசிகிச்சை), கெமிஸ்தம் (இரசாயனம்) போன்ற புத்தகங்களை வைப்பேன்.

அதுவரை, மகளோடு கின்சி வீதியால் போகும்போது மருத்துவ பீடத்து மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காட்டுங்கள். பீடம் அப்போது மருத்துவக் கல்லூரி, அதன் இரண்டாவது அதிபர் டொக்டர் கொக் நினைவாக 1881இல் எழுப்பியது. பிரேத பரிசோதனையில் கையில் பட்ட காயம் சீழ்பிடித்து 1877இல் இறந்தார் அவர். கையுறை போடும் வழக்கம் அப்போது இல்லை.