வாசகர் கேள்வி – பதில்: பழைய வைனும் தேயிலைச் சுவைஞர்களும்

கேள்வி: தேயிலை சுவைத்துத் தரம் பார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட நாங்கள் ஐவர், மாதம் ஒருமுறை கூடி வைன் சுவைத்து வருகிறோம். பிரான்சிலிருந்து வந்த உறவினர் ஒருவர், பேர்கண்டிப் பகுதியின் வொல்னே கிராமத்துச் சிவப்பு வைன் ஒரு போத்தல் தந்திருக்கிறார். 1999ஆம் ஆண்டு அறுவடை. சாடியில் ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றாட வைக்க வேண்டும் என்கிறார் எங்களுள் ஒருவர். சரிதானா? (வாசகர், நுவரெலியா)

பதில்: வேண்டாம். அது துவர்ப்பு அடங்காத இளம் வைனுக்குச் சொல்லும் யோசனை. உங்களிடம் இருப்பதோ பினோ நுவார் என்னும் மெல்லிய தோல் திராட்சையின் வைன். அதிலும் வொல்னே, பேர்கண்டியிலேயே மென்மைக்குப் பேர்போன ஊர். இத்தனை ஆண்டு போத்தலில் கிடந்த வைனில் எஞ்சியிருக்கும் நறுமணம் சாடியில் இரண்டு மணி நேரம் தாங்குவது சந்தேகமே.

போத்தலை இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள். நிறப்பொருளும் துவர்ப்புப் பொருளும் ஒன்றோடொன்று சேர்ந்து படிந்த மண்டி அப்போதுதான் அடியில் இறங்கும். பிறகு குலுக்காமல், ஒரே சாய்வில் மெதுவாக ஊற்ற வேண்டும். தக்கை உதிர்ந்து விழுந்தால் கலங்க வேண்டாம், தேநீர் வடி உங்கள் வீட்டில் இல்லாமலா போகும்? வெப்பநிலை 15, 16 பாகை செல்சியஸ் போதும். கொழும்பு நண்பர்கள் இதற்குக் குளிர்சாதனப் பெட்டியைத் தேட வேண்டியிருக்க, உங்களுக்கு நுவரெலியாவின் மாலைப்பொழுதே அதைச் செய்து தந்துவிடும்.

கோப்பையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்தால் விளிம்பு செங்கல் நிறமாகத் தெரியும். அது முதுமையின் நிறம், கெட்டதன் அறிகுறி அன்று. முதலில் அடைத்துக் கிடந்த அலமாரியின் வாசனை எழலாம். பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் முகர்ந்தால், உலர்ந்த ரோசா இதழும், அதன் பின்னே காளானும், ஹோட்டன் சமவெளியில் மழை விட்டபின் எழுமே, அந்த ஈரச் சருகின் மணமும் வரக்கூடும்.

உங்கள் தொழிலையொட்டி ஓர் எச்சரிக்கை. உறிஞ்சிச் சுவைக்கும் பழக்கம் இங்கே நன்றாகவே உதவும். ஆனால் நாக்கைச் சுண்டும் துவர்ப்புக்கு மதிப்பெண் கொடுத்துப் பழகியவர்கள் நீங்கள். மந்தமான தேநீரை ஒதுக்குவதைப் போல இதையும் ஒதுக்கிவிடக் கூடாது, ஏனெனில் அந்தத் துவர்ப்பு கரைந்து அடங்குவதற்காகவே இத்தனை ஆண்டு காத்திருந்தார்கள். வரிசையாக வைத்த கிண்ணங்களை நொடிகளில் கடந்து செல்லும் வேகமும் ஆகாது. 750 மில்லிலீற்றரில் ஒருவருக்கு 150 கூடத் தேறாது. அதை ஒரு மணி நேரத்துக்குப் பகிர்ந்து, மாற்றத்தைக் குறித்துக்கொண்டே அருந்துங்கள். அறையில் சாம்பிராணி வேண்டாம், கட்டைச் சம்பல் வேண்டவே வேண்டாம். வெறும் பாணும் காரமில்லாத கோழி வறுவலும் போதும்.

கேள்வி: பழமையின் வாசனையையும் தக்கையால் கெட்ட வாசனையையும் எப்படிப் பிரித்தறிவது? (வாசகர், பண்டாரவளை)

பதில்: அரை மணி நேரம் கோப்பையில் விட்டுப் பாருங்கள். பழமையின் புழுக்க வாசனை கலைந்துவிடும். தக்கையால் வந்த நனைந்த அட்டைப்பெட்டி வாசனை போகாது, சில வேளை கூடவும் செய்யும்.