டிரான்ஸ்பார்மரும் நான்கு டயோடும் போதாதா?

கேள்வி: பழைய யுபிஎஸ்ஸிலிருந்து எடுத்த 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி சீல்டு லெட் ஆசிட் பேட்டரிக்கு, 15 வோல்ட் டிரான்ஸ்பார்மர், நான்கு டயோடு, ஒரு கெபாசிட்டர் வைத்து சார்ஜர் செய்தேன். இரவு முழுக்கப் போட்டுவைத்ததில் பேட்டரி சூடாகி உப்பிவிட்டது. எளிமையான நல்ல சார்ஜர் சொல்லுங்களேன்?

பதில்: உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போடாதீர்கள். பழைய பேட்டரி எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

15 வோல்ட் ஏசியை டயோடு வழியாகக் கெபாசிட்டருக்கு விட்டால் அங்கே ஏறக்குறைய 20 வோல்ட் நிற்கும். உங்கள் பேட்டரியோ எப்போதும் இணைப்பிலேயே இருந்தால் 13.5 முதல் 13.8 வரைதான் தாங்கும். அதற்கு மேல் விடாமல் தள்ளினால் உள்ளே இருக்கும் நீர் வாயுவாகப் பிரியும். சீல் செய்த பேட்டரியில் அந்த நீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. ஆகவே சார்ஜர் செய்பவர் முதலில் கவலைப்பட வேண்டியது வோல்டேஜைப் பற்றித்தான்.

நான் எல்லோருக்கும் சொல்வது, வோல்டேஜை நிலையாக வைக்கும் எல்எம்317 என்ற மூன்று கால் ஐசி இரண்டை வைத்த சுற்று. முதலாவது கரன்டைக் கட்டுப்படுத்தும். அதன் அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே 1.8 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் போட்டு, அட்ஜஸ்ட் கால் பக்கத்திலிருந்து கரன்டை எடுங்கள். அந்த இரண்டு காலுக்கும் நடுவே ஐசி எப்போதும் 1.25 வோல்ட் வைத்திருக்கும்; 1.25ஐ 1.8ஆல் வகுத்தால் சுமார் 0.7 ஆம்பியர். 7 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இது நிதானமான அளவு. அந்தக் கரன்ட், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் இரண்டாவது ஐசிக்குள் போகட்டும். அதில் அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்டுக்கும் நடுவே 220 ஓம். அட்ஜஸ்டிலிருந்து நெகட்டிவுக்கு 1.8 கிலோ ஓமும் 1 கிலோ ஓம் ப்ரீசெட்டும் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) தொடராக.

அப்புறம் ஒரு 1என்5401 டயோடு, 2 ஆம்பியர் ஃப்யூஸ், பேட்டரி. டயோடை விட்டுவிடாதீர்கள், மின்சாரம் நின்றதும் பேட்டரி பின்பக்கமாக வடிவதை அதுதான் தடுக்கிறது.

இரண்டு ஐசியும் டயோடும் சேர்ந்து ஆறு வோல்ட் வரை தின்றுவிடும் என்பதால் உங்கள் 15 வோல்ட் டிரான்ஸ்பார்மர் இதற்குப் போதாது. 18 வோல்ட், 1.5 ஆம்பியர் வாங்குங்கள். கெபாசிட்டர் 2200 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். தீர்ந்த பேட்டரியைப் போடும்போது ஐசிகளில் ஏழெட்டு வாட் சூடாகவே போகும், ஆகவே சூட்டை வெளியேற்றப் பெரிய ஹீட்சிங்க் (உலோகத் துண்டு) வேண்டும். எல்எம்317இன் உலோகத் தகடு அவுட்புட்டோடு இணைந்தது. இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில், மின்சாரம் கடத்தாத மைக்காத் தகடு இல்லாமல் முடுக்கினால் கரன்ட் கட்டுப்பாடு கெட்டுப்போகும். பலரும் தடுக்கி விழும் இடம் இது.

பேட்டரியை மாட்டும் முன், டயோடுக்கு அப்பால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை இணைத்து, மல்டிமீட்டரில் 13.7 வரும்வரை ப்ரீசெட்டைத் திருப்புங்கள். சுமையே இல்லாமல் அளந்தால் டயோடில் குறையும் வோல்டேஜ் சரியாகத் தெரியாது.

இந்த வோல்டேஜில் முழுதாக ஏற ஒரு நாள்கூட ஆகலாம், பொறுமையாக விட்டுவையுங்கள். பேட்டரி இருக்கும் இடம் 35 டிகிரியைத் தொடுமானால் 13.5இல் வையுங்கள்.